மூட்டைக்குள் இருந்த ஈரம்

பிஸ்மில்லாஹ்.



அடியேன் ஆலிமல்லன். சிறு வயதில் மத்ரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் படிப்பு. பினாங்கில் அரிசி, மசாலாச் சாமான் கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தாறு. சென்ற மாதம் இஷாவுக்குப் பின் சங்கக் கூடத்தில் நான் பேசியதை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். இது என் வீட்டு விஷயமாதலால் மனைவியிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க மச்சான். ஒரு வீட்டுப் பொம்பளயாவது நேரத்தோட போய்க் காட்டிட்டா அது நமக்கு நன்மைதானே" என்றாள். அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

வியாபாரிகளாகிய நமக்கு நன்கு தெரிந்த ஒரு ஹதீஸ் உண்டு. நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாக் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கையில், அதனுள் தம் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இஃதென்னவென்று விசாரித்தார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். அப்படியானால் ஜனங்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்துப்படக் கூறியருளினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

இந்த ஹதீஸை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கடைச் சிப்பந்திகளுக்கும் சொல்லியிருக்கிறேன். மிளகு மூட்டை வந்தால் கையை அடிவரை விட்டுப் பார்க்காமல் நான் பணம் கொடுப்பதில்லை. ஆனால் இந்த ஹதீஸ் என் கடைக்கு மட்டும் வந்ததல்ல, என் வீட்டுக்கும் வந்தது என்பதை நாற்பத்து மூன்று வயது வரை நான் அறியவில்லை.

2022-ஆம் ஆண்டு ரஜப் மாதம். கடையடைத்து இரவு பத்தரை மணிக்கு வந்து சோறு உண்டு கொண்டிருந்தேன். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். மனைவி மெல்ல, "மச்சான், மார்ல ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது. வலி ஒண்ணுமில்ல" என்றாள். நான் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "வலி இல்லேன்னா ஒண்ணும் இருக்காது. பெருநாள் வியாபாரம் முடியட்டும், பார்ப்போம்" என்றேன்.

அந்த வருடத்து நிலையை நீங்கள் அறிவீர்கள். இரண்டு வருடம் கொரோனாக் கட்டுப்பாட்டில் வியாபாரம் படுத்துக் கிடந்தது. கட்டுப்பாடு தளர்ந்து வந்த முதல் பெருநாள் அது. கடன் வாங்கிச் சரக்கு நிரப்பியிருந்தேன். காரணம் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. கடன்காரருக்குச் சொல்லும் காரணத்தை வேண்டுமானால் அவர் ஏற்றுக்கொள்ளலாம். நோய் ஏற்றுக்கொள்ளுமா?

அவள் இரண்டாந்தடவை சொல்லவில்லை. வெட்கப்பட்டாள். கணவன் பொருட்படுத்தாத ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு நம் பெண்களுக்கு வாய் வராது. தானாகவே கருஞ்சீரக எண்ணெய் தடவினாள். ஓதி ஊதிய தண்ணீர் குடித்தாள். ஓதிப் பார்ப்பது நபிவழியில் உள்ளதே, அதை நான் குறை சொல்லவில்லை. வைத்தியத்தை விட்டுவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டதுதான் எங்கள் பிழை. ரமலான் வந்தது, பெருநாள் வந்தது, வியாபாரமும் நன்றாகவே நடந்தது. "பார்ப்போம்" என்று சொன்னவன் மறந்துவிட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறுவாரம், ஐந்தாம் படிவம் படித்துக் கொண்டிருந்த என் மூத்த மகள் கடைக்கே வந்துவிட்டாள். உம்மா கொடியில் துணி போட வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் போடுவதைப் பார்த்து, வற்புறுத்திக் கேட்டிருக்கிறாள். அக்குளில் நெறி கட்டியிருந்தது. மார்பின் தோல் ஆரஞ்சுப் பழத் தோல் போலக் குழி குழியாக ஆகியிருந்தது. "வாப்பா, கடைய நாள கழிச்சுக்கூடத் திறக்கலாம். நாளைக்கு உம்மாவ நீங்க கூட்டிட்டுப் போகலேன்னா நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். சிப்பந்திகள் கேட்டுக் கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கே பெண் டாக்டர் பார்த்தார். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். மாமோகிராம் எடுத்தார்கள். ஊசியால் சிறிது சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். மார்பகப் புற்றுநோய், மூன்றாங் கட்டம் என்றார்கள்.

எப்பொழுது முதலில் தெரிந்தது என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி, "இப்பத்தான் டாக்டர், கொஞ்ச நாளாத்தான்" என்று சொல்லிவிட்டாள். அந்த நேரத்திலும் அவள் என் மானத்தைக் காப்பாற்ற நினைத்தாள், சகோதரர்களே! என்னால் அதைத் தாங்க முடியவில்லை. "ஐந்து மாதம் டாக்டர். என்னிடம் அப்போதே சொன்னாள். நான்தான் அழைத்து வரவில்லை" என்று சொன்னேன். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக் கொண்டார்.

நிற்க. இந்நோய் என்ன என்பதைப் படிப்பில்லாத நான் என் மகளிடமும் டாக்டர்களிடமும் தாதிகளிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்டேன். அல்லாஹ் நம் உடலை எண்ணிறந்த நுண்ணிய உயிரணுக்களால் படைத்திருக்கிறான். அவை பெருக வேண்டிய நேரத்தில் பெருகி, அழிய வேண்டிய நேரத்தில் அழிகின்றன. ஏதோ ஓர் உயிரணு அந்தக் கட்டுப்பாட்டை மீறித் தன்னிஷ்டத்துக்குப் பெருகத் தொடங்கினால் அதுவே புற்று. முதலில் ஓரிடத்தில் கட்டியாக இருக்கும். பின்பு அக்குள் நெறிகளுக்குப் போகும். அதன்பின் எலும்பு, ஈரல், நுரையீரல் என்று பரவும். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைத்தான் ஒன்று முதல் நான்கு வரை கட்டமாகச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. ஆகவே "வலி இல்லேன்னா ஒண்ணும் இருக்காது" என்று நான் சொன்னது அறியாமை.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 6,70,000 பேர் அதனால் மௌத்தானார்கள். நம் மலேசியாவில் 2012 முதல் 2016 வரையிலான தேசியப் பதிவேட்டின்படி, இந்நோய் கண்ட பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். என் மனைவி அந்தப் பாதியில் ஒருத்தி. அந்தப் பாதியில் எத்தனை வீடுகளில் என்னைப் போன்ற ஒரு கணவன் "பார்ப்போம்" என்று சொல்லியிருப்பானோ, அல்லாஹ்வே அறிவான்.

இது புதிய நோயுமல்ல. அரபியில் இதற்கு ஸரதான் என்று பெயர். நண்டு என்று பொருள். குர்துபா நகரில் வாழ்ந்து 1013-ல் மறைந்ததாகச் சொல்லப்படும் முஸ்லிம் அறுவை வைத்திய மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள், தம்முடைய அத்தஸ்ரீஃப் என்ற வைத்திய நூலில், மார்பு போன்ற இடங்களில் இந்நோய் சிறிதாயும் தொடக்கத்திலும் இருந்தால் முழுதும் அறுத்து எடுக்கலாம் என்றும், நாட்பட்டுப் பெருத்துவிட்டால் தம்மால் ஒருவரைக்கூடக் குணப்படுத்த இயலவில்லை என்றும் ஒளிவு மறைவின்றி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடங்களுக்கு முன்பே நம்மவர் ஒருவர் "சீக்கிரம் வா" என்று எழுதிவிட்டார். நான் ஐந்து மாதம் தாமதித்தேன். இன்று மருந்துகள் வெகுதூரம் முன்னேறிவிட்டன, மூன்றாங் கட்டத்தாருக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் சீக்கிரம் வருகிறவருக்கே நன்மை அதிகம் என்பது மட்டும் மாறவில்லை.

இனி, நான் செய்த இரண்டாவது பிழையைச் சொல்லுகிறேன். நோய் தெரிந்ததும் அதை மறைத்தேன். என் உம்மாவுக்கு எண்பது வயது, அதிர்ச்சி தாங்கமாட்டார்கள் என்று நினைத்தேன். மகளுக்கு நாளை சம்பந்தம் பேச வேண்டுமே, "தாய்க்கு இந்த நோயாம்" என்று ஜமாஅத்தில் பேசுவார்களே என்று நினைத்தேன். வீட்டில் "வயிற்றுக் கோளாறு" என்றோம். கடையில் "உடம்பு சுகமில்லை" என்றோம். எங்கள் படுக்கையறையில்கூட அந்த நோயின் பெயரை நாங்கள் சொல்லவில்லை. அவள் அழுதால் எனக்குக் கஷ்டமென்று அவள் அழவில்லை. நான் அழுதால் அவளுக்குப் பயமென்று நான் அழவில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் காய்ந்த தானியத்தையே மேலே காட்டிக் கொண்டிருந்தோம்.

கீமோ மருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை, எட்டுத் தடவை என்றார்கள். முதல் மருந்து ஏற்றி வந்து அவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. என் உம்மா அவள் காது கேட்கவே, "இந்தக் காலத்து மருமகளுக்கு உடம்பு வளையாது" என்று சொல்லிக் கொண்டிருந்தார்கள். அவள் பதில் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் முடி கொட்டத் தொடங்கியது. தலையணையில் கிடந்த முடியை உம்மா பார்த்துவிட்டார்கள். கையில் எடுத்துக் கொண்டு என்னிடம் வந்தார்கள். நான் சொன்னேன்.

உம்மா விழுந்துவிடவில்லை. நாங்கள் அஞ்சிய அதிர்ச்சி எதுவும் நேரவில்லை. சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "ஏம்ப்பா எங்கிட்ட மறச்சே? அவள ஏசின வாயால நான் துஆக் கேட்டிருப்பேனே!" என்றார்கள்.

அன்பர்களே! அன்றைக்குத்தான் மதீனாக் கடைத்தெருவின் அந்தக் குவியல் எனக்கு விளங்கியது. நாங்கள் யாரையும் நஷ்டப்படுத்த மறைக்கவில்லை. அவர்களைக் காப்பதாக எண்ணித்தான் மறைத்தோம். ஆனாலும் உள்ளே ஈரம் இருக்கக் கண்டும் மேலே உலர்ந்ததைப் பரப்பினால், ஈரம் உலர்வதில்லை. மூட்டை முழுதும் பூசணம் பிடிக்கிறது. ஒரு தாயின் துஆவை என் மனைவிக்குக் கிடைக்காமல் செய்தேன். என் தாயை அறியாமல் ஒரு நோயாளியைப் புண்படுத்தும்படி செய்தேன்.

மறுநாள் முதல் அடுப்படியை உம்மா எடுத்துக் கொண்டார்கள். கஞ்சி காய்ச்சித் தாமே ஊட்டினார்கள். சங்கத்தில் இரு சகோதரர்களிடம் நானே சொன்னேன். மருந்து ஏற்றும் நாட்களில் அவர்களில் ஒருவர் தம் கடையை மகனிடம் விட்டுவிட்டு என் கல்லாவில் வந்து உட்கார்ந்தார். சொன்ன பிறகுதான் உதவி வந்தது. சொல்லாதவனுக்கு யார் உதவுவார்?

ஊரில் பலவிதமாகவும் சொன்னார்கள். அவற்றையும் எடுத்துச் சொல்வது கடமை.

இந்நோய் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவர் தட்டையும் கோப்பையையும் தனியே வைக்கச் சொன்னார். அது சரியல்ல. மார்பகப் புற்று ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. நாங்கள் ஒரே தாலத்தில்தான் உண்டோம்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்றார் மற்றொருவர். பரவுவது நாட்படுவதால். பலர் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், அறுவைக்குப் பின் மௌத்தானதைப் பார்த்து எழுந்த பேச்சு அது.

இது பாவத்தின் தண்டனை என்று ஒரு பெரியவர் சொன்னார். ஐயூப் நபி (அலை) அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? முஃமினுக்கு ஒரு முள் குத்தினாலும் அதன் மூலம் அல்லாஹ் அவன் குற்றங்களை அழிக்கிறான் என்ற கருத்தில் நபிமொழி இருக்க, நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து தண்டனை என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

அந்நியரிடம் எப்படிக் காட்டுவது என்பது பெண்களின் பெரிய தயக்கம். வெட்கம் ஈமானின் ஒரு கிளைதான். ஆகவே பெண் டாக்டரைக் கேளுங்கள், அரசாங்கக் கிளினிக்குகளிலும் அநேகர் இருக்கிறார்கள். கிடைக்காத இடத்தில், தேவைக்கு ஆண் வைத்தியர் தேவையான அளவு பார்ப்பதை நம் மார்க்கச் சட்ட மேதைகள் அனுமதித்திருக்கிறார்கள். நபிகளார் காலத்திலேயே ருஃபைதா (ரலி) அவர்கள் காயம்பட்ட ஸஹாபாக்களுக்குக் கூடாரத்தில் சிகிச்சை செய்திருக்கிறார்கள்.

எல்லாம் கத்ருப்படி நடக்கும், ஆஸ்பத்திரி எதற்கு என்போரும் உண்டு. உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டுப் போகையில், அங்கே கொள்ளைநோய் என்று வழியில் கேள்விப்பட்டுத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே போகிறோம் என்று பதிலளித்து, ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே அல்லவா என்று விளக்கினார்கள். ஆம்! நோய் கத்ரு என்றால் மருந்தும் கத்ருதான். நான் வறண்ட பக்கத்திலேயே ஐந்து மாதம் ஒட்டகத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அதற்குத் தவக்குல் என்று பெயர் வைக்கலாமா?

2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறுவை நடந்தது. அதன்பின் கதிர்ச் சிகிச்சை. ஊர்ப் பக்கத்தில் கரண்டு வைப்பது என்பார்களே, அதுதான். வாரத்துக்கு ஐந்து நாளாக மூன்று வாரம். அது ரமலானில் வந்தமைந்தது. நோன்பை விடமாட்டேன் என்று அவள் பிடிவாதம் செய்தாள். நோயாளி வேறு நாட்களில் எண்ணிக்கையை நிறைவு செய்யலாம் என்று சூரத்துல் பகராவில் அல்லாஹ்வே சலுகை அளித்திருப்பதை இமாம் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். "அல்லாஹ் குடுத்த சலுகைய வேணாங்கறது மரியாதையா?" என்றார்கள் என் உம்மா. அவள் அழுதுகொண்டே ஸஹர் வேளையில் மற்றவர்களுக்குச் சோறு பரிமாறினாள். மறு வருடம் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நோன்பு வைத்தாள், விட்டதையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறைவேற்றினாள்.

இப்போது தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறோம். ஒவ்வொரு தடவையும் முதல்நாள் இரவு இருவருக்கும் தூக்கமில்லை. முற்றும் குணமாகிவிட்டது என்று சொல்ல நான் யார்? இன்றைக்கு இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இப்போது அந்தத் தூக்கமில்லாத இரவில், "எனக்குப் பயமா இருக்கு மச்சான்" என்று அவள் சொல்லுகிறாள். "எனக்கும்தான்" என்று நான் சொல்லுகிறேன். இருவரும் எழுந்து ஒளுச் செய்து இரண்டு ரக்அத் தொழுகிறோம். பயத்தைச் சொல்லிக்கொள்வது ஸபுறுக்கு விரோதமல்ல. ஐயூப் நபி (அலை) அவர்களும் தமக்குத் துன்பம் நேர்ந்ததை அல்லாஹ்விடம் வாய்விட்டு முறையிட்டார்கள். அவன் அவர்களைப் பொறுமையாளர் என்றே புகழ்ந்தான்.

வணிகப் பெருமக்களே! நோயாளியைப் பார்க்கப் போவது பெரும் நன்மை. ஆனால் போகிற இடத்தில், "இதே நோய்தான் என் மச்சினிக்கும், ஆறே மாதம்தான்" என்று கணக்குச் சொல்லாதீர்கள். சிறிது நேரம் இருந்து, துஆச் செய்து, வீட்டுக்கு என்ன வேண்டுமென்று கேட்டு எழுந்திருங்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் கார் ஓட்டுவது பத்து ஆறுதல் வார்த்தைக்கு மேல்.

நாம் வருடந்தோறும் ஸகாத்துக்காகச் சரக்குக் கணக்கு எடுக்கிறோம். அந்த நாளிலேயே வீட்டிலும் ஒரு கணக்கு எடுங்கள். மனைவியிடமும், தாயிடமும், சகோதரியிடமும் கேளுங்கள்: கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா? தோல் சுருங்கியதா? காம்பு உள்ளே இழுத்திருக்கிறதா, நீரோ இரத்தமோ கசிகிறதா? அக்குளில் நெறி உண்டா? ஆண்கள் கேட்க வெட்கப்பட்டால் மகள்மாரைக் கேட்கச் சொல்லுங்கள். கட்டி என்றாலே புற்று என்பதில்லை, பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே. எது எது என்று பரிசோதித்தால்தான் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஒன்றுமில்லாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாமோகிராம் எடுப்பது நல்லது. நாற்பதுகளில் இருப்பவர்களும், தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் கண்டவர்களும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். என் மகள் இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள். அவள் சம்பந்தத்துக்கு இதனால் இடைஞ்சல் வந்தால், உண்மையைக் கண்டு ஓடுகிற அந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். ஆண்களுக்கும் இந்நோய் அபூர்வமாக வருவதுண்டு. இந்நோய் கண்டவர்களில் நூறில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவாகவே ஆண்கள். ஆகவே நீங்களும் அசட்டையாக இராதீர்கள்.

வீட்டில் ஒருத்தி சோறு பரிமாறிக் கொண்டே மெல்லிய குரலில் ஏதேனும் சொன்னால், தயவு செய்து தட்டிலிருந்து தலையை நிமிர்த்துங்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் எதையும் விலையாகக் கொடுப்பேன். அதை எந்தக் கடையிலும் விற்கவில்லை.

யா அல்லாஹ்! நோயுற்றோர் யாவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வாயாக! அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையும் தெம்பும் தருவாயாக! மருத்துவர், தாதியர் கைகளில் பரக்கத் செய்வாயாக! இந்நோயில் மௌத்தானவர்களின் கப்றுகளை விசாலமாக்குவாயாக! எங்கள் கடைகளில் மட்டுமின்றி எங்கள் வீடுகளிலும் எங்களை உண்மையாளர்களாக ஆக்குவாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.